தின்றால் போச்சு

ஜிலீப் அறையில் எனக்கு எலிக்காரன் என்று பெயர்.
மசூது கடாக்காரன்.
ஒரே குளியலறை, ஒரே கம்பியில் காயும் சீருடைகள்.
அவனுடையதில் எத்தனை முறை அலசினாலும் போகாத ஒரு பழுப்பு.
என்னுடையதில் ஒன்றும் தெரியாது,
ஸ்பிரிட் வாசனை மட்டும்.

ஷுவைக் வரைக்கும் ஒரே பேருந்து.
இறங்கி அவன் இடப்பக்கம் போவான், அறுப்புக்கூடத்துக்கு.
நான் வலப்பக்கம், ஆய்வுக்கூடத்துக்கு.
வெளியே நாற்பத்தெட்டு டிகிரி.
என் எலிகளுக்கு இருபத்திரண்டு,
பன்னிரண்டு மணிநேரம் வெளிச்சம், பன்னிரண்டு இருட்டு,
வடிகட்டிய தண்ணீர்.
எங்கள் அறை ஏசி போன வாரமே நின்றுவிட்டது.

செவ்வாயன்று நெறிமுறைக் குழு கூடியது.
ஏழு பேர். நாற்பது எலிகள்.
நாற்பது எதற்கு, முப்பத்திரண்டு போதாதா என்று
மேசையை விரலால் தட்டிக்கொண்டே கேட்டார் டாக்டர் பஸ்மா.
வலிக்குமா, எவ்வளவு, எத்தனை நாள்,
வலித்தால் யார் பார்ப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது.
இரண்டரை மணிநேரம்.
எட்டு எலிகள் பிழைத்தன.
பிழைத்தன என்றால், பிறக்காமல் போயின.

பிறகு சாப்பாடு வந்தது.
இரண்டு பேர் தூக்கிவந்த தாம்பாளத்தில்
மச்பூஸ் சோற்றின்மேல் ஒரு முழு ஆட்டுக்குட்டி,
காலை மடக்கித் தூங்குவதுபோல.
அதற்குப் படிவம் கிடையாது.
பாதி போதாதா என்று ஒருவரும் கேட்கவில்லை.
மீந்ததை எனக்குக் கொடுத்தார்கள்.
தின்றேன். எலுமிச்சை பிழிந்து,
எலும்பை உறிஞ்சித்தான் தின்றேன்.
இதை விட்டுவிட்டுச் சொன்னால் மற்றதெல்லாம் பொய்.

இருபத்தாறாம் எலி
தினமும் காலையில் என் கையுறையின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்ளும்.
குறிப்பேட்டில் நான் அதை எழுதியதில்லை.
அதற்குக் கட்டம் இல்லை.

ராத்திரி மசூதிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.
சிரித்தான்.
"கொன்னா பாவம், தின்னா போச்சு. நம்மூர்லயே சொல்லுவாங்கல்லாலே."
சரி மசூது, தின்றால் போகும்.
நான் கொல்வதை யாரும் தின்பதில்லையே.
மஞ்சள் பையில் போட்டு முடிச்சிட்டு
ஆயிரம் டிகிரி உலைக்குக் கொடுக்கிறேன்.
அது எங்கே போகும்?

ரொம்ப நேரம் மேல்கட்டிலில் சத்தமில்லை.
தூங்கிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.
"நான் ஒவ்வொரு கழுத்துக்கும் பேரு சொல்லுதேன்லே,
படைச்சவன் பேரு. நீ என்ன சொல்லுத?"
எண் சொல்லுவேன் என்றேன்.
எதிரே ஒருத்தர் எழுதிக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை அவன் முறை. பிரியாணி.
குக்கரை ஏற்றிவிட்டுத்
தரையில் உட்கார்ந்து பனியனைத் தூக்கினான்.
மூன்று வருஷமாகச் சர்க்கரை,
சோற்றுக்கு முன்னால் பதினான்கு யூனிட்.
ஊசிமுனையைப் பார்த்தபடி கேட்டான்,
"இதுல உன் ஆளுங்க எத்தனைலே?"

எண்ணி மாளாது என்றேன்.
முதலில் நாய்கள்.
அப்புறம் பல வருஷம் அறுப்புக்கூடத்துக் கணையம்,
மாடு, மாடாக வாளியில் அள்ளிப்போனார்கள்.
மருந்து இப்போது வேறு மாதிரி செய்கிறார்கள்,
ஆனாலும் ஒவ்வொரு புதுசுக்கும் முன்னால் எலி.
உன் ஆட்களும் என் ஆட்களும் சேர்ந்துதான் மசூது.

அவன் ஊசியைப் பிடித்த கை அப்படியே நின்றது.
கத்தியில் நடுங்காத கை, இப்போதும் நடுங்கவில்லை,
நின்றது, அவ்வளவுதான்.
"அப்ப இது தின்ன கணக்கா, தின்னாத கணக்கா?"

எனக்குத் தெரியவில்லை.
ஏழு பேர் கொண்ட குழுவுக்கும் தெரிந்திருக்காது,
அவர்களிடம் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

உதடு அசைந்தது. குத்தினான்.
மருந்து முழுசாக இறங்க, ஊசியை எடுக்காமல்
பத்துவரை எண்ண வேண்டும்.
அவன் எண்ணத் தொடங்கினான், சத்தமாக.
நானும் கூட எண்ணினேன்.
ஏழில் குக்கர் விசிலடித்தது.